தள்ளிப்போடும் பழக்கமும் உதவும் செயலிகளும்: கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு பொறியியல் கல்லூரியில் பல ஆண்டுகளாக வகுப்பு ஆலோசகராக இருந்து வருகிறேன். ஒவ்வொரு செமஸ்டரிலும் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வின் விடைத்தாள் கைக்குக் கிடைத்த வாரத்தில், மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். படிக்க வேண்டும் என்று தெரிகிறது, உட்காரத்தான் முடியவில்லை, இதற்கு நல்ல செயலி ஏதாவது இருக்கிறதா என்பதே அது. அவர்களுக்குச் சொன்ன பதில்களையும், அவர்களும் நானும் பயன்படுத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

தள்ளிப்போடுதல் என்பது சோம்பல்தானே? அதற்குச் செயலி எப்படி உதவும்?

சோம்பலும் தள்ளிப்போடுதலும் வெவ்வேறு. சோம்பியிருப்பவரை வேலை உறுத்துவதில்லை. தள்ளிப்போடுபவரை அது ஒரு நொடியும் விடுவதில்லை. அசைன்மென்ட் எழுதாத மாணவர் அதே மாலையில் அறையைக் கூட்டுகிறார், துணி துவைக்கிறார், நண்பரின் ரெக்கார்டு நோட்டுக்குச் சுற்றுப்படம் வரைந்து கொடுக்கிறார். உழைக்க அவர் தயங்கவில்லை. அந்த ஒரு வேலையைத் தொட்டால் மனத்தில் எழும் சங்கடத்துக்குத்தான் தயங்குகிறார். திருக்குறளின் 605ஆம் குறளிலேயே நெடுநீர், மறவி, மடி, துயில் என்று காலம் நீட்டித்தலும் மறதியும் சோம்பலும் தூக்கமும் நான்கு தனித்தனிக் குறைகளாக எண்ணப்பட்டிருக்கின்றன. செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பகுப்பு நேரடியாகவே பயன்படும், ஏனெனில் மறதிக்கான மருந்து தள்ளிப்போடுதலைத் தீர்ப்பதில்லை.

உளவியலாளர்கள் ஃபியூஷா சிரோயும் திமோதி பிச்சிலும் 2013இல் வெளியிட்ட கட்டுரையில், தள்ளிப்போடுதலை நேர நிர்வாகக் குறையாகப் பார்ப்பதைவிட, அந்த நேரத்து மனநிலையைச் சரிசெய்துகொள்ளும் முயற்சியாகப் பார்க்க வேண்டும் என்று விளக்கினார்கள். கடினமான பாடத்தைத் திறந்ததும் பயமோ சலிப்போ வருகிறது. புத்தகத்தை மூடியதும் நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே பழக்கத்தை வளர்க்கிறது. எந்தச் செயலியும் அந்தப் பயத்தைப் போக்காது. ஆனால் தொடங்குவதற்கான படியைத் தாழ்த்தவும், நழுவிச் செல்லும் வழியை அடைக்கவும், மறந்ததை நினைவூட்டவும், பக்கத்தில் ஒரு துணையை உட்கார வைக்கவும் செயலிகளால் முடியும். இந்த நான்கில் உங்களுக்கு எது குறைகிறதோ அதைத் தருவதே உங்களுக்கான செயலி.

கடைசி நேர நெருக்கடியில்தான் எனக்கு வேலை ஓடுகிறது. அதை ஏன் மாற்ற வேண்டும்?

இப்படி நினைப்பவர்கள் மிகப் பலர். பியர்ஸ் ஸ்டீல் என்ற ஆய்வாளர் 2007இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், கல்லூரி மாணவர்களில் 80 முதல் 95 விழுக்காட்டினர் ஏதோ ஓர் அளவில் தள்ளிப்போடுகிறார்கள் என்ற மதிப்பீடு குறிப்பிடப்பட்டுள்ளது. ஆகவே இதில் தனிப்பட்ட அவமானம் எதுவும் இல்லை. ஆனால் நெருக்கடியில்தான் நன்றாக வேலை ஓடுகிறது என்பதைச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். டயான் டைஸும் ராய் பாமைஸ்டரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், தள்ளிப்போடும் மாணவர்கள் பருவத்தின் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள். பருவத்தின் இறுதியில் மற்றவர்களைவிட அதிக மன அழுத்தத்துக்கும் உடல்நலக் குறைவுக்கும் ஆளானார்கள். மதிப்பெண்ணும் குறைவாகவே பெற்றார்கள். நெருக்கடியில் வேலை ஓடுவது உண்மைதான். ஓடி முடிந்த வேலை எத்தகையது என்பதை விடைத்தாள் திருத்துபவர் மட்டுமே பார்க்கிறார்.

எனக்கு எது குறைகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எந்தச் செயலியையும் பதிவிறக்கும் முன் 3 நாட்களுக்கு ஒரு துண்டுத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். படிக்க நினைத்து நழுவிய ஒவ்வொரு முறையும் நேரத்தையும், நழுவியது எந்த இடத்தில் என்பதையும் ஒரே வரியில் குறியுங்கள். "மாலை 6.30, புத்தகத்தையே எடுக்கவில்லை" என்று எழுதுபவரும், "மாலை 6.30, 10 நிமிடம் படித்தேன், ஃபோன் ஒலித்தது, எடுத்தேன், மணி 8 ஆகிவிட்டது" என்று எழுதுபவரும் தங்கள் குறையைப் பற்றி ஒரே வார்த்தைகளில்தான் என்னிடம் முறையிடுவார்கள். ஆனால் முதலாமவர் தொடங்குவதில் தடுக்குகிறார், இரண்டாமவர் நீடிப்பதில் தடுக்குகிறார். "திங்கட்கிழமைதான் கடைசி நாள் என்றே நினைவில்லை" என்று எழுதுபவர் மறதிக்காரர். அவருக்கு நாட்காட்டி ஒன்றே போதும். 3 நாள் குறிப்பு இல்லாமல் செயலி கேட்டு வருபவரைத் தாளோடு திருப்பி அனுப்புவது என் வழக்கம்.

தொடங்கவே முடியாதவருக்கு எது உதவும்?

நேரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டித் தரும் கடிகாரச் செயலிகள். இவற்றுக்கெல்லாம் தாய் பொமொடோரோ முறை. 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியக் கல்லூரி மாணவர், படிப்பில் மனம் நிற்காமல், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரம் ஒன்றைத் திருகி வைத்துக்கொண்டு படித்ததில் பிறந்தது அது. இத்தாலிய மொழியில் பொமொடோரோ என்றால் தக்காளி. 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு, இப்படி நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு என்பது அதன் அடிப்படை.

இந்த முறையை அழகாகச் செயலியாக்கியது ஃபாரஸ்ட். தைவான் நிறுவனம் ஒன்று 2014இல் வெளியிட்டது. நேரம் குறித்து ஒரு விதையை ஊன்றினால் திரையில் மரம் வளர்கிறது. இடையில் வேறு செயலிக்குத் தாவினால் மரம் பட்டுப்போகிறது. சேரும் நாணயங்களைக் கொண்டு, ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாக உண்மையான மரக்கன்று நடவும் வழி இருக்கிறது. திரையில் பட்ட மரத்துக்காக யார் வருந்துவார்கள் என்று முதலில் நானும் எண்ணினேன். ஆனால் மாணவர்கள் வருந்துகிறார்கள், அந்தச் சிறு வருத்தம் ஃபோனை எடுக்க நீளும் கையை நிறுத்துகிறது. நண்பர்கள் சேர்ந்து ஒரே மரத்தை வளர்க்கும் வசதியில், ஒருவர் நழுவினாலும் எல்லோருடைய மரமும் பட்டுப்போகும். தனியாக 2 நாள் தாங்காதவர்கள் மூவராகச் சேர்ந்து ஒரு மாதம் தாங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை: 25 நிமிடம் என்பது வேதவாக்கு இல்லை. பயமுறுத்தும் பாடத்துக்கு 25 நிமிடமே மலையாகத் தெரியும். ஃபாரஸ்டில் 10 நிமிட மரமும் வைக்கலாம்; அதிலிருந்தே தொடங்குங்கள். மாறாக, கணக்குப் பாடத்தில் ஒரு 13 மதிப்பெண் கேள்வியைப் போட்டுக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால் எழுந்துவிடாதீர்கள். பாதிக் கணக்கில் எழுந்தால் திரும்பி வரும்போது முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். கணக்கை முடித்துவிட்டு ஓய்வெடுங்கள்.

கடிகாரச் செயலி பாதியிலேயே நின்றுபோகிறது. ஏன்?

பெரும்பாலும் குறை செயலியில் இல்லை. பல ஆண்ட்ராய்டு ஃபோன்கள், பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்திவிடுகின்றன. அமைப்புகளில் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய், கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடும். நினைவூட்டல் ஒலிக்கவில்லை என்பவர்களும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடும் செயலிகளில் எது நல்லது?

மாணவர்களிடம் அதிகம் காணப்படுபவை நான்கு: கூகுள் டாஸ்க்ஸ், மைக்ரோசாஃப்ட் டு டூ, டுடூயிஸ்ட், டிக்டிக்.

கல்லூரி கூகுள் கணக்கு தந்திருந்து, பாடங்கள் கூகுள் கிளாஸ்ரூமில் நடக்கின்றன என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். ஆசிரியர் கடைசி நாள் குறித்து இடும் அசைன்மென்ட்கள் அந்த வகுப்பின் கூகுள் நாட்காட்டியில் தாமாகவே வந்து நிற்கும். உங்கள் சொந்த வேலைகளை டாஸ்க்ஸில் இட்டால் இரண்டும் ஒரே பக்கத்தில் தெரியும். நீங்கள் கையால் எழுதி நிரப்ப வேண்டிய பட்டியலைவிடத் தானாக நிரம்பும் பட்டியல் நீண்ட நாள் பிழைக்கும்.

மைக்ரோசாஃப்ட் டு டூவில் "என் நாள்" என்ற பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு நள்ளிரவிலும் அது காலியாகிவிடும். முடிக்காத வேலைகள் அவற்றின் பட்டியலில் பத்திரமாக இருக்கும், ஆனால் இன்று எதைச் செய்யப் போகிறீர்கள் என்பதைக் காலையில் நீங்களே மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். செய்யாத வேலைகள் சிவப்பு நிறத்தில் குவிந்து கிடக்கும் பட்டியலைத் திறக்கவே மனம் கூசும் மாணவருக்கு, இந்தக் காலிப் பக்கம் பெரிய ஆறுதல். இது முழுவதும் இலவசம் என்பதையும் சொல்ல வேண்டும்.

டுடூயிஸ்ட் 2007 முதல் இருந்துவரும் செயலி. "எவ்ரி மண்டே" என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த வேலை வந்து நிற்கும். வேலையின் பெயரைத் தமிழிலேயே எழுதிக்கொள்ளலாம், நாள் குறிப்பை மட்டும் ஆங்கிலத்தில் இட வேண்டும். இலவசத் திட்டத்தில் 5 ப்ராஜெக்ட்கள்தான்; தனித்தனிப் பட்டியல்களை அந்தச் செயலி அப்படித்தான் அழைக்கிறது. ஒரு செமஸ்டரின் பாடங்களை ஒவ்வொரு ப்ராஜெக்டாகப் பிரித்தால் அதற்குள் அடங்காது. படிப்பு முழுவதையும் ஒரே ப்ராஜெக்டில் இட்டுப் பாடங்களைப் பிரிவுகளாக வைத்தால் அடங்கும். டிக்டிக்கில் பட்டியலோடு பொமொடோரோ கடிகாரமும் பழக்கக் கணக்கும் உள்ளேயே இருப்பதால், இரண்டு மூன்று செயலிகளைத் திறந்து மூட விரும்பாதவர்களுக்கு அது வசதி.

இந்த நான்கில் எதைத் தேர்ந்தாலும், பட்டியலில் ஒரு வேலையை எப்படி எழுதுகிறீர்கள் என்பது செயலியைவிட முக்கியம். "டிஜிட்டல் சிக்னல் ப்ராசசிங் பாடம் படிக்க வேண்டும்" என்று எழுதினால் அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் பாடம் முழுவதும் கண்முன் வந்து பயமுறுத்தும். "இரவு உணவு முடிந்து அறைக்கு வந்ததும், 2ஆம் யூனிட்டின் முதல் கணக்கை விடையைப் பார்த்தே ஒருமுறை எழுதிப் பார்ப்பது" என்று எழுதுங்கள். எப்போது, எங்கே, எந்தச் சிறு செயல் என்பதை முன்னதாகவே முடிவு செய்து வைத்தால் அதைச் செய்யும் வாய்ப்பு கூடுகிறது என்பதை, பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளரும் அவர் வழியில் வந்தவர்களும் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள்.

நோஷன் செயலியை எல்லோரும் புகழ்கிறார்களே?

புகழத்தக்க செயலிதான். குறிப்புகள், அட்டவணைகள், ப்ராஜெக்ட் குழுவின் ஆவணங்கள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்கலாம். மாணவர்களுக்கு இலவசச் சலுகையும் உண்டு. ஆனால் தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

காரணத்தை ஒரு மாணவியின் திரையில் பார்த்தேன். இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கையின் முதல் இரண்டு அத்தியாயங்களைக் காட்ட வேண்டிய நாளில், மடிக்கணினியைத் திறந்து நோஷன் பக்கத்தைக் காட்டினார். மேலே மலையும் பனியுமான அட்டைப்படம். அதன் கீழ் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் ஒரு சிறு சின்னம், ஒரு நிறம், எத்தனை விழுக்காடு முடிந்தது என்று காட்டும் பட்டை, வார அட்டவணை, படிக்க வேண்டிய ஆய்வுக் கட்டுரைகளுக்கு ஐந்து பத்திகள் கொண்ட அட்டவணை. 3 மாலைகள் உட்கார்ந்து செய்ததாகச் சொன்னார். அத்தியாயம் 2 என்ற சின்னத்தைச் சொடுக்கினேன். வெள்ளைப் பக்கம், மேலே தலைப்பு மட்டும். அவர் கண் கலங்கிவிட்டது. அந்த 3 மாலைகளிலும் அவர் ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வேலை செய்த நிறைவோடு தூங்கப் போயிருக்கிறார்.

அங்கேயே அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, ஃபோனில் சாதாரணக் குறிப்புச் செயலியைத் திறந்து ஒரே வரி எழுதச் சொன்னேன்: "நாளை காலை நூலகத்தில், 3 கட்டுரைகளின் சுருக்கத்தை மட்டும் படித்து, ஒவ்வொன்றுக்கும் 2 வரி எழுதுவது." மறுநாள் மதியத்துக்குள் 6 வரிகள் வந்தன. அந்த 6 வரிகளிலிருந்துதான் இரண்டாம் அத்தியாயம் வளர்ந்தது. அமைத்து முடிக்க அரை மணிக்கு மேல் கேட்கும் எந்தச் செயலியும் தள்ளிப்போடுவதற்கான புதிய இடமாக மாறிவிடும். அதை நோஷனின் குறையாகச் சொல்லவில்லை. அதன் வளமே இந்தப் பழக்கம் உள்ளவருக்கு ஆபத்து.

ஃபோன்தான் என் பிரச்சினை. தடுக்கும் செயலிகளில் எது வலுவானது?

ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐஃபோனில் ஸ்கிரீன் டைம் ஆகியவை ஃபோனிலேயே இருக்கின்றன. இன்ஸ்டாகிராமுக்கு நாளுக்கு 30 நிமிடம் என்று வரம்பு வைக்கலாம். ஆனால் பூட்டியவரிடமே சாவி இருப்பதால், வரம்பு முடிந்ததும் இரண்டு தட்டில் திறந்துவிடுகிறார்கள். ஐஃபோனில் ஸ்கிரீன் டைமுக்குக் கடவுச்சொல் வைத்து, அதை அறைத்தோழரைத் தட்டச்சு செய்யச் சொன்னால், அதே இலவச வசதி பணம் கொடுத்து வாங்கும் தடுப்பான்களுக்கு ஈடாக நிற்கும்.

தடுப்பதற்குப் பதில் தாமதப்படுத்தும் செயலி ஒன் செக். இன்ஸ்டாகிராமைத் திறக்கப் போனால், முதலில் ஒரு மூச்சை இழுத்து விடச் சொல்லி, உண்மையிலேயே திறக்க வேண்டுமா என்று கேட்கிறது. இதைப் பயன்படுத்தியவர்களை 6 வாரங்கள் கவனித்து 2023இல் வெளியான ஆய்வில், 36 விழுக்காடு முறை அவர்கள் திறக்காமலேயே திரும்பிவிட்டது தெரிந்தது. யோசிக்காமல் விரல் தானாகப் போய்த் தட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது பூட்டைவிட நல்லது. வேண்டுமென்றே போய் உட்கார்ந்துவிடுபவர்களை ஒரு மூச்சு நிறுத்தாது.

மடிக்கணினியில் இன்னும் கடுமையான பூட்டுகள் உண்டு. விண்டோஸில் கோல்ட் டர்க்கி, மேக்கில் இலவசமாகக் கிடைக்கும் செல்ஃப்கன்ட்ரோல் இரண்டும், நேரம் முடியும் வரை குறித்த தளங்களைத் திறக்க விடாது. செல்ஃப்கன்ட்ரோலில் கணினியை அணைத்துப் போட்டாலும் பூட்டு விலகாது. யூடியூபிலேயே பாடமும் இருக்கிறது, பொழுதுபோக்கும் இருக்கிறது என்பது நம் மாணவர்களின் உண்மையான சிக்கல். பாடக் காணொளிகளை முன்னதாகவே ஃபோனில் பதிவிறக்கி வைத்துவிட்டு, இணையத்தை நிறுத்திப் பாருங்கள் என்பேன். பரிந்துரைப் பட்டியல் கண்ணில் படாமல் பாடம் மட்டும் ஓடும்.

இன்னொரு சிக்கல் வாட்ஸ்அப். கல்லூரி அறிவிப்பும் தேர்வு அறை விவரமும் வகுப்புக் குழுவில்தான் வருகின்றன என்பதால், அதை முழுவதும் தடுக்கச் சொல்ல எனக்கே மனம் வருவதில்லை. மற்ற எல்லாக் குழுக்களின் ஒலியையும் நிறுத்திவிட்டு, ஆலோசகர் மட்டும் செய்தி இடும் அறிவிப்புக் குழுவை மட்டும் ஒலிக்க விடலாம். அப்படி ஒரு குழு உங்கள் வகுப்பில் இல்லை என்றால், அமைத்துத் தரும்படி ஆலோசகரிடம் கேளுங்கள். இது எங்கள் கடமை.

ஹாபிடிகா போன்ற விளையாட்டுச் செயலிகள் பயன் தருமா?

சிலருக்கு நன்றாகவே தருகின்றன. 2013இல் வேறு பெயரில் தொடங்கிய ஹாபிடிகாவில், வேலையை முடித்தால் உங்கள் பாத்திரம் வலுப்பெறும், தவறினால் உயிர்ப்புள்ளி குறையும். குழுவாகச் சேர்ந்து ஒரு பெரிய எதிரியோடு மோதும்போது உங்கள் தவறு தோழர்களுக்கும் காயம் தரும். தினமும் சிறிதளவு செய்ய வேண்டிய வேலைகளுக்கு, அதாவது திறனறித் தேர்வுப் பயிற்சி, நிரல் எழுதிப் பழகுதல் போன்றவற்றுக்கு, இது பொருந்தும். ப்ராஜெக்ட் அறிக்கை போன்ற ஒற்றைப் பெரிய வேலைக்குப் பொருந்தாது. புள்ளிக்காகச் சின்ன வேலைகளையே முடித்துக்கொண்டு பெரியதைத் தொடாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பணத்தைப் பணயம் வைக்கும் செயலிகள்?

பீமைண்டர், ஸ்டிக் ஆகியவை அந்த வகை. பீமைண்டரில் வாக்குத் தவறினால் அட்டையிலிருந்து டாலரில் பணம் போய்விடும். பணயத் தொகை தவறத் தவற 5, 10, 30, 90 என்று ஏறும். வருமானம் உள்ளவர்களுக்கு இது வேலை செய்யலாம். பெற்றோர் அனுப்பும் பணத்தில் படிக்கும் மாணவர் தம் தவறுக்கான தண்டனையை வீட்டுக்கு அனுப்புவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

தனியாக உட்கார்ந்தால் ஓடுவதில்லை, யாராவது இருந்தால் ஓடுகிறது. இதற்குச் செயலி உண்டா?

ஃபோக்கஸ்மேட் உண்டு. முன்பின் தெரியாத ஒருவரோடு காணொளியில் இணைத்துவிடுகிறது. தொடக்கத்தில் இருவரும் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, 25, 50 அல்லது 75 நிமிடம் பேசாமல் அவரவர் வேலையைச் செய்கிறார்கள். முடிவில் என்ன முடிந்தது என்று சொல்லிப் பிரிகிறார்கள். இலவசமாக வாரத்துக்கு 3 அமர்வுகள் கிடைக்கும். முகம் தெரியாதவர் முன் கேமராவைத் திறந்து வைக்கக் கூச்சப்படும் மாணவிகளும், விடுதியின் வைஃபை கைவிடும் மாணவர்களும் இதை நீண்ட நாள் தொடர்வதில்லை.

ஆனால் இதில் உள்ள கருத்து மிக வலுவானது, அதற்குச் செயலியே தேவையில்லை. நம் ஊர்களில் குழுவாகப் படிப்பது புதிதன்று. அது கெடுவது பேச்சில். ஃபோக்கஸ்மேட்டின் ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: தொடங்கும்போது ஆளுக்கு ஒரு வரி, நடுவில் மௌனம், முடிவில் ஆளுக்கு ஒரு வரி. வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்து செல்லும் தோழியோடு கூகுள் மீட்டில் ஒலியை நிறுத்திவிட்டு இதைச் செய்யலாம். நான் பரிந்துரைத்தவற்றுள் மிக அதிகமான மாணவர்கள் அடுத்த செமஸ்டரிலும் தொடர்ந்தது இந்த ஒன்றைத்தான்.

என்பிடெல் பாடத்தை முடிக்கிறேன், சொந்த ப்ராஜெக்டை முடிக்க முடியவில்லை. ஏன்?

ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல்லில் 12 வாரப் பாடத்துக்கு வாரம் ஓர் அசைன்மென்ட், ஒவ்வொன்றுக்கும் விலகாத கடைசி நாள். 12இல் சிறந்த 8 மட்டும் கணக்கில் சேரும்; அதற்கு 25 விழுக்காடு, இறுதித் தேர்வுக்கு 75 விழுக்காடு. இந்த அமைப்பில் ஒரு பெரிய வேலை 12 சிறு வேலைகளாக வெட்டப்பட்டிருக்கிறது, காலம் உங்கள் கையில் இல்லை, இரண்டு மூன்று வாரம் தவறினாலும் எல்லாம் போய்விட்டது என்று கைவிட வேண்டியதில்லை. உங்கள் ப்ராஜெக்டில் இந்த மூன்றுமே இல்லை. செமஸ்டர் முடிவில் ஒரே ஒரு கடைசி நாள்தான் நிற்கிறது.

எனவே ப்ராஜெக்டையும் என்பிடெல் போலவே அமையுங்கள். வாரம் ஒரு துண்டு என்று நாட்காட்டியில் இட்டு, அந்த நிகழ்வில் உங்கள் வழிகாட்டி ஆசிரியரின் மின்னஞ்சலையும் சேர்த்து அழைப்பு அனுப்பிவிடுங்கள். அவர் அதைத் திறந்து பார்க்காமலே போகலாம், ஆனாலும் நாள் குறித்ததை ஒருவர் அறிவார் என்ற நினைவு உங்களிடம் இருக்கும். நீங்களே வைத்து நீங்களே நகர்த்தும் கடைசி நாளை எந்தச் செயலியாலும் காப்பாற்ற முடியாது.

ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது, பிறகு நின்றுவிட்டது. வேறு செயலிக்கு மாறலாமா?

மாற வேண்டாம். ஏறக்குறைய எல்லோருக்கும் இரண்டாம் வாரத்தில் நிற்கிறது. ஊருக்குப் போனது, காய்ச்சல், கல்லூரி விழா என்று ஏதோ ஒன்றில் தொடர்ச்சி அறுகிறது. அப்போது 11 நாள் தொடர்ச்சி பூஜ்யமானதைக் காட்டும் திரையைப் பார்க்க மனம் வராமல் செயலியையே நீக்கிவிடுகிறார்கள். தொடர்ச்சியை எண்ணும் வசதி உங்களை இப்படி வருத்துமானால், அமைப்புகளில் அதை அணைத்துவிடுங்கள்.

மைக்கேல் வோல், பிச்சில், பென்னட் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்ட முதலாண்டு மாணவர்களில், அதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வின்போது குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். தன்னைத் திட்டிக்கொண்டால் திருந்திவிடுவோம் என்று வளர்ந்த நமக்கு இது ஏற்கக் கடினமாக இருக்கும். பாடத்தை நினைத்தாலே குற்றவுணர்வு வந்தால், அந்தப் பாடம் மேலும் கசக்கிறது, மேலும் விலகுகிறோம் என்பதுதான் இதன் வழி.

மகனின் செயலியை நான் பார்த்து வரலாமா? (ஒரு தந்தை கேட்டது)

அவர் தானே காட்டினால் பாருங்கள். கண்காணிப்பதற்காகக் கேட்டால், மரம் மட்டும் ஃபோனில் வளரும், பாடம் வளராது.

எதுவுமே பலிக்கவில்லை என்றால்?

இரண்டு மாதம் உண்மையாக முயன்றும் நிலை மாறவில்லை, தூக்கமும் பசியும் கெட்டிருக்கின்றன, முன்பு விரும்பியதிலும் மனம் செல்லவில்லை, அல்லது சிறு வயது முதலே எதிலும் கவனம் நிற்பதில்லை என்றால், அது செயலியின் எல்லையைத் தாண்டிய விஷயம். மனச்சோர்வும் கவனக்குறைவுக் கோளாறும் வெளியே தள்ளிப்போடுதலைப் போலவே தெரியும். அவற்றுக்கு மருத்துவம் இருக்கிறது. கல்லூரி உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். அங்கே போகத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

நாளை மறுநாள் தேர்வு. இன்று எந்தச் செயலியைப் பதிவிறக்குவது?

எதையும் வேண்டாம். ஃபோனில் உள்ள சாதாரணக் கடிகாரத்தில் 20 நிமிடம் வைத்து, திரையைக் கவிழ்த்து, அறைத்தோழரின் மேசையில் வைத்துவிடுங்கள். ஐந்து யூனிட்டில் ஓரளவு தெரிந்த இரண்டை முதலில் எடுத்து, அவற்றின் 2 மதிப்பெண் கேள்விகளை எழுதிப் பாருங்கள். மணி அடித்ததும் எழுந்து போய் ஃபோனை எடுக்காமல், மறுபடி 20 நிமிடம் வைத்துத் தரும்படி அவரிடமே சொல்லுங்கள். செயலியைப் பற்றித் தேர்வு முடிந்த சனிக்கிழமை பேசலாம்; வரும்போது அந்த 3 நாள் தாளையும் எடுத்து வாருங்கள்.